எந்தச் சுரப்பி கெட்டுப்போச்சு டாக்டர்?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 36. ஐந்தாறு மாதமாகவே அசதி, முடி கொட்டுகிறது, எடை 5 கிலோ கூடிவிட்டது. வேலை முடிந்து படுக்க இரவு 1 மணி ஆகிவிடும், காலை 6 மணிக்கு எழுந்தாக வேண்டும். ஒரு லேபில் ‘முழு ஹார்மோன் பேக்கேஜ்’ என்று இருந்ததை நானாகவே எடுத்துப் பார்த்தேன். டிஎஸ்எச் 6.8, ஃப்ரீ டி4 1.1, கார்டிசால் 4.8, புரோலாக்டின் 29. நான்கில் மூன்றுக்குச் சிவப்புக் குறி. எந்தச் சுரப்பி கெட்டுப்போயிருக்கிறது? ஒன்று கெட்டால் எல்லாம் கெட்டுவிடுமா? தெரிந்தவர் ஒருவர் ‘ஹார்மோன் பேலன்ஸ்’ செய்யும் பவுடர் ஒன்றைச் சாப்பிடச் சொல்கிறார். தைராய்டு மாத்திரை ஆரம்பித்தால் சுரப்பி சோம்பேறியாகிவிடும், அப்புறம் ஆயுசுக்கும் விட முடியாது என்றும் அவரே சொல்கிறார். உண்மையா? (முடிக்காக மூன்று மாதமாக பயோட்டின் என்ற வைட்டமின் 10 மில்லிகிராம் எடுக்கிறேன். வேறு மருந்து எதுவும் இல்லை. ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன்.)

பதில்:

கடைசியில், போனால் போகிறது என்று அடைப்புக்குறிக்குள் எழுதினீர்களே பயோட்டின் என்று, உங்கள் கடிதத்திலேயே எனக்கு அதிகம் உதவிய வரி அதுதான். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன் நீங்கள் இணைத்த ரிப்போர்ட்டின் வலது மூலையைப் பாருங்கள். எறும்பு ஊர்வது போல சின்ன எழுத்தில் ‘மாதிரி எடுத்த நேரம்: மாலை 4.10’ என்று இருக்கிறது. கார்டிசால் 4.8-க்குப் பக்கத்தில் ‘இயல்பு அளவு 5 முதல் 25’ என்று போட்டுச் சிவப்புக் குறியும் வைத்திருக்கிறார்கள். அந்த 5 முதல் 25 என்பது காலை 8 மணி வாக்கில் எடுக்கும் ரத்தத்துக்கான அளவு. கார்டிசால் விடியற்காலையில் ஏறி, நாம் எழும் நேரத்தில் உச்சத்தில் நின்று, பகல் முழுக்க இறங்கி, நடுநிசியில் கிட்டத்தட்ட அடிமட்டத்துக்குப் போகும். மாலை 4 மணிக்குக் காலை அளவில் பாதிதான் இருக்கும், இருக்கவும் வேண்டும். உங்கள் 4.8 அந்த நேரத்துக்குச் சரியான எண். ஆக முதல் சிவப்புக் குறி போயிற்று. கார்டிசாலைச் சுரக்கும் உங்கள் அட்ரீனல் சுரப்பிகள், சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டும், தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. இந்த மாதிரி ஒரு எண்ணை வைத்துக்கொண்டு ‘அட்ரீனல் களைத்துவிட்டது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்படி ஒரு நோயை எங்கள் துறை ஏற்கவில்லை. அட்ரீனல் உண்மையிலேயே வேலை செய்யாமல் போவது வேறு நோய், அதில் ஆள் எடை கூடுவதில்லை, இளைத்துப்போவார்.

சரி, இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருவோம். ‘எந்தச் சுரப்பி கெட்டுப்போயிருக்கிறது’ என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் சுரப்பிகளைத் தனித்தனிக் கருவிகளாக நினைத்துக்கொள்கிறோம், ஒன்று ஓடுகிறது, ஒன்று நின்றுவிட்டது என்பது போல. அவை அப்படி இல்லை, ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக்கொண்டிருப்பவை. ரத்தப் பரிசோதனையில் நமக்குக் கிடைப்பது அந்தப் பேச்சில் யாரோ ஒருவர் சொன்ன ஒரே ஒரு வாக்கியம். எதிராளி என்ன சொன்னார், எந்த நேரத்தில் சொன்னார் என்று தெரியாமல் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வைத்துப் பஞ்சாயத்துப் பண்ண முடியாது.

‘நாளமில்லாச் சுரப்பி’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். நாளம் என்றால் குழாய். உமிழ்நீருக்குக் குழாய் உண்டு, வியர்வைக்கு உண்டு, கண்ணீருக்கும் உண்டு. தைராய்டுக்குக் கிடையாது, பிட்யூட்டரிக்குக் கிடையாது. சுரந்ததை நேராக ரத்தத்தில் விட்டுவிடும், ரத்தம் அதை உடம்பு முழுக்கச் சுற்றிக் கொண்டுபோகும். தண்டோரா போட்ட மாதிரி எல்லார் காதிலும் விழும், ஆனால் யாருக்கு அது சம்பந்தமோ அவர்கள்தான் எழுந்து வருவார்கள். அந்தச் சம்பந்தம்தான் செல்லில் இருக்கும் ஏற்பி. ஏற்பி இல்லாத செல்லைத் தாண்டி ஹார்மோன் ஆயிரம் முறை ஓடினாலும் அது திரும்பிப் பார்க்காது.

இது புரிய ஆரம்பித்தே 120 வருடம்தான் ஆகிறது. 1902-ல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், மயக்கம் கொடுத்த ஒரு நாயின் சிறுகுடல் துண்டுக்குப் போகும் நரம்புகளையெல்லாம் வெட்டிவிட்டு, அந்தத் துண்டுக்குள் அமிலத்தை விட்டுப் பார்த்தார்கள். நரம்பே இல்லையே, கணையத்துக்கு எப்படிச் சேதி போகும்? ஆனாலும் கணையம் சுரந்தது. சேதி ரத்தம் வழியாகப் போயிருக்கிறது. மூன்று வருடம் கழித்து, 1905-ல், இப்படிப் போகும் சேதிக்கு ‘ஹார்மோன்’ என்று ஸ்டார்லிங் பெயர் வைத்தார். கிரேக்கத்தில் ‘கிளப்பிவிடுவது’ என்று அர்த்தம். பொருத்தமான பெயர்தான்.

உங்கள் தைராய்டு விஷயம் இதில் எங்கே வருகிறது? டிஎஸ்எச் தைராய்டு சுரக்கும் ஹார்மோன் அல்ல, இது பலருக்கும் தெரியாது. அது பிட்யூட்டரி சுரப்பது. மூளைக்கு அடியில், பட்டாணி அளவில், அரை கிராம் எடையில் தொங்கிக்கொண்டிருக்கும் சுரப்பி அது. அதன் வேலை, கழுத்தில் இருக்கும் தைராய்டைப் பார்த்து ‘சுர’ என்று கூப்பிடுவது. தைராய்டு அதைக் கேட்டு டி4 சுரக்கும். டி4 ரத்தத்தில் போதுமான அளவு இருப்பது பிட்யூட்டரிக்குத் தெரிந்ததும் அது குரலைத் தாழ்த்திக்கொள்ளும். குறைந்தால் உயர்த்தும். பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடும் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் கூப்பாட்டுக்கே வந்துவிட்டால் மெதுவான குரல் போதும். வரவில்லையா, இரண்டாவது கூப்பாடு தெருமுனை வரை கேட்கும். டிஎஸ்எச் என்பது அம்மாவின் குரல். டி4 என்பது பிள்ளை வந்தானா இல்லையா என்பது.

உங்களுக்கு டிஎஸ்எச் 6.8, சாதாரணமாக 0.4-லிருந்து 4 வரை. ஆக குரல் உயர்ந்திருக்கிறது. ஆனால் ஃப்ரீ டி4 1.1, அதன் அளவு 0.8-லிருந்து 1.8 வரை. ஆக பிள்ளை வந்துவிட்டான். இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘மறைநிலைத் தைராய்டு குறைவு’. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இந்த நிலையில் இருப்பவர்களில் கணிசமானவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் டிஎஸ்எச் தானாகவே இறங்கியிருக்கும். காய்ச்சலோ வேறு உடல்நலக் குறைவோ வந்து தேறிவரும் நாட்களில்கூட அது கொஞ்ச காலம் ஏறி நிற்கும். அதனால் ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து மாத்திரை எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை, டிஎஸ்எச் 10-ஐத் தாண்டினால் ஒழிய, அல்லது கர்ப்பம் என்றால் ஒழிய. கர்ப்பத்தில் கணக்கே வேறு. முதல் சில மாதங்கள் குழந்தை தாயின் தைராய்டு ஹார்மோனை நம்பித்தான் வளரும். நீங்கள் அதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. குழந்தைக்குத் திட்டம் இருந்தால் இந்தப் பதிலோடு நிற்காமல் உடனே ஒரு மருத்துவரை நேரில் பாருங்கள்.

ஒரு சின்ன விஷயம். டி4 கொஞ்சம் குறைந்தால் டிஎஸ்எச் கொஞ்சம் கூடாது, பல மடங்கு கூடும். பிட்யூட்டரி அவ்வளவு தொட்டாற்சுருங்கி. அதனால்தான் டி4 நார்மலாக இருக்கும்போதே டிஎஸ்எச் முந்திக்கொண்டு சத்தம் போடுகிறது. இன்னொன்று, ‘நார்மல் 0.8 முதல் 1.8’ என்பது ஊரில் உள்ள எல்லாரையும் சேர்த்துப் போட்ட அகலமான அளவு. ஒவ்வொருவருக்கும் சொந்த அளவு அதைவிடக் குறுகலானது. நீங்கள் வாழ்நாள் முழுக்க 1.5-ல் இருந்தவராக இருந்தால் 1.1 என்பது உங்களுக்குக் குறைவு, லேபின் கணினிக்கு அது தெரியாது, பிட்யூட்டரிக்குத் தெரியும். மூன்று நான்கு வருடத்துக்கு முந்தைய ரிப்போர்ட் ஏதாவது வீட்டில் கிடந்தால் தேடி எடுத்து வையுங்கள்.

இப்போது பயோட்டின். நல்ல வேளை எழுதினீர்கள். உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 30 மைக்ரோகிராம் போல. நீங்கள் எடுப்பது 10 மில்லிகிராம், அதாவது 10,000 மைக்ரோகிராம். அது முடிக்கு என்ன செய்கிறதோ, ஹார்மோன் பரிசோதனைக்கு ஒரு குளறுபடி செய்யும். பல லேப்களில் ஹார்மோனைப் பிடித்து அளக்கும் வேதிப் பொருளோடு பயோட்டினைத்தான் ஒட்டுப்பசை போலப் பயன்படுத்துகிறார்கள். ரத்தத்திலேயே பயோட்டின் நிரம்பி வழிந்தால் பசை வேறு இடத்தில் ஒட்டிக்கொள்ளும், எண் தப்பாக வரும். எந்தத் திசையில் தப்பாகும் என்பதுதான் உங்கள் விஷயத்தில் முக்கியம். டிஎஸ்எச் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும், டி4 இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். இதனாலேயே தைராய்டு அதிகம் சுரக்கிறது என்று தப்பாகச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. உங்களுக்கோ டிஎஸ்எச் அதிகமாக வந்திருக்கிறது. அதாவது உங்கள் 6.8-ஐ பயோட்டின் ஏற்றிவிட்டிருக்காது, வேண்டுமானால் இறக்கிவிட்டிருக்கும். உண்மையான எண் 9 ஆகவும் இருக்கலாம், டி4 1.1-ஐவிடக் கீழேயும் இருக்கலாம். போதாததற்கு டிஎஸ்எச்சும் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. இரவில் ஏறும், பிற்பகலில் இறங்கும். நீங்கள் ரத்தம் கொடுத்தது மாலை 4.10-க்கு. (எல்லா லேபும் இந்தப் பசை முறையைப் பயன்படுத்துவதில்லை, சில இடங்களில் பயோட்டின் ஒன்றுமே செய்யாது. ஆனால் எந்த லேபில் எந்த முறை என்று விசாரித்துக்கொண்டிருப்பதைவிட மாத்திரையை நிறுத்துவது சுலபம்.) அதனால் இந்த எண்களை வைத்து ‘ஒன்றும் இல்லை’ என்றும் நான் சொல்ல மாட்டேன், ‘தைராய்டு போச்சு’ என்றும் சொல்ல மாட்டேன். மறுபடி பார்க்க வேண்டும்.

அடுத்து, பால் சுரக்க வைக்கும் பிட்யூட்டரி ஹார்மோனான புரோலாக்டின். உங்களுக்கு 29, அளவு 25 வரை. இது எனக்குக் கவலை தரும் எண் இல்லை. ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு, ஒன்று கெட்டால் எல்லாம் கெடுமா என்றதற்கு, பதில் இதில்தான் இருக்கிறது. பிட்யூட்டரியைப் ‘தலைமைச் சுரப்பி’ என்று பாடப் புத்தகத்தில் படித்தது பாதிதான் உண்மை. அதற்கு மேலே ஹைப்போதலாமஸ் என்று ஒரு மேலதிகாரி இருக்கிறது, மூளையின் பகுதி. அது பிட்யூட்டரிக்கு உத்தரவு அனுப்பிக்கொண்டே இருக்கும். தைராய்டைக் கூப்பிடச் சொல்லி ஹைப்போதலாமஸ் அனுப்பும் உத்தரவு இருக்கிறதே, டிஆர்எச், அது போகிற போக்கில் புரோலாக்டினையும் கொஞ்சம் கிளப்பிவிடும். ஆக தைராய்டு மந்தமாக இருக்கும் பெண்ணுக்குப் புரோலாக்டின் லேசாக ஏறுவது உண்டு. அங்கே கெட்டுப்போனது இரண்டு சுரப்பி இல்லை, ஒன்றின் பேச்சு பக்கத்து அறையிலும் கேட்கிறது. தைராய்டைச் சரிசெய்தால் இதுவும் இறங்கிவிடும். இதைத் தவிர ஊசியைக் கண்டு பயந்தாலே புரோலாக்டின் ஏறும், தூங்கி எழுந்த உடனே எடுத்தாலும் ஏறும். வாந்திக்கும் வயிற்றுப் பிரட்டலுக்கும் சிலர் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் டோம்பெரிடோன் நன்றாகவே ஏற்றிவிடும். நீங்கள் மருந்து எதுவும் இல்லை என்கிறீர்கள், ஆனாலும் ரத்தம் கொடுத்த அந்த வாரத்தில் வயிற்றுக்கு ஏதாவது போட்டீர்களா என்று யோசித்துப் பாருங்கள், இதையெல்லாம் யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. புரோலாக்டின் 100, 200 என்று வந்தால், அல்லது மாதவிடாய் நின்றுபோய், மார்பில் பால் கசிந்து, தலைவலியோடு பக்கவாட்டுப் பார்வை குறைந்தால், அது வேறு கதை, தள்ளிப்போடாமல் போய்ப் பார்க்க வேண்டும்.

எல்லாச் சுரப்பிகளும் பிட்யூட்டரியின் பேச்சைக் கேட்பவையும் அல்ல. தைராய்டின் முதுகில் அரிசி மணி அளவில் நான்கு பாராதைராய்டு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவை ரத்தத்தில் ஓடும் கால்சியத்தை நேரடியாக உரசிப் பார்த்து வேலை செய்பவை. கணையமும் அப்படித்தான், சர்க்கரையைப் பார்த்து இன்சுலினையும் குளுக்ககானையும் விடும், யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. உங்கள் உடம்பில் ஓடும் அத்தனை ரத்தத்திலும் சேர்த்து ஒரு நேரத்தில் இருக்கும் சர்க்கரை ஏறக்குறைய 5 கிராம், ஒரு தேக்கரண்டி. அதை அந்த அளவிலேயே பிடித்து வைத்திருப்பதற்கு நிமிடத்துக்கு நிமிடம் கவனம் வேண்டும், அதனால் இன்சுலின் ரத்தத்தில் ஐந்து நிமிடத்தில் பாதியாகிவிடும் ஹார்மோன். அட்ரினலின் இன்னும் அவசரக்காரன், இரண்டு மூன்று நிமிடம். டி4 நேர் எதிர், பாதியாக ஒரு வாரம் ஆகும்.

இந்த ஒரு வார விஷயத்தை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு பள்ளி ஆசிரியைக்கு டிஎஸ்எச் 14. மாத்திரை 50 மைக்ரோகிராம் ஆரம்பித்தேன். மூன்று வாரத்தில் மறுபடி எடுக்கச் சொன்னேன், 9. போதவில்லை என்று 75 ஆக்கினேன். மறுபடி மூன்று வாரம், 6. சரி, 100 போடுவோம் என்று போட்டேன். அப்புறம் இரண்டு மாதம் அவர் வரவில்லை. வந்த அன்று, குடிக்கக் கொடுத்த தண்ணீர் டம்ளரை மேஜையில் வைத்தார், டம்ளர் கடகடவென்று ஆடி ஓய்ந்தது. கை அவ்வளவு நடுக்கம். நாடி நிமிடத்துக்கு 112. தூக்கமே இல்லை என்றார். டிஎஸ்எச் 0.05-க்கு இறங்கியிருந்தது. மாத்திரை ஆரம்பித்தாலும் கூட்டினாலும் ரத்தத்தில் அளவு நிலைக்க ஐந்தாறு வாரம் ஆகும் என்பதைப் புத்தகத்தில் படித்தே இருந்தேன், ஆனால் எண்ணைப் பார்த்ததும் கை பரபரத்தது. 50-லேயே விட்டு எட்டு வாரம் பொறுத்திருந்தால் அநேகமாக அதுவே போதுமாக இருந்திருக்கும். அதனால் உங்களுக்கு மாத்திரை ஆரம்பிக்க வேண்டி வந்தால் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன்னால் யார் டிஎஸ்எச் எடுக்கச் சொன்னாலும் ‘அதற்குள் ஏன்’ என்று தைரியமாகக் கேளுங்கள்.

சுரப்பி சோம்பேறியாகிவிடுமா? உங்கள் நண்பர் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, ஆனால் அதைக் கொண்டுபோய்த் தப்பான சுரப்பியில் வைத்துவிட்டார். வெளியிலிருந்து டி4 வந்தால் பிட்யூட்டரி கூப்பிடுவதைக் குறைத்துக்கொள்ளும், தைராய்டும் சுரப்பதைக் குறைக்கும். மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் குரல் மறுபடி எழும்பும், நல்ல தைராய்டாக இருந்தால் எழுந்து வேலைக்கு வந்துவிடும். வராத சுரப்பி, மாத்திரையால் கெட்டதல்ல, மாத்திரைக்கு முன்னாலேயே கெட்டுக்கொண்டிருந்தது. அதைக் கெடுப்பது பெரும்பாலும் நம் சொந்த எதிர்ப்பு சக்தி. 1912-ல் ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் நான்கு நோயாளிகளின் தைராய்டைப் பார்த்து, அதற்குள் வெள்ளை அணுக்கள் கூட்டமாகப் புகுந்திருப்பதை எழுதினார், அந்த நோய் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. உங்களுக்கு அது இருக்கிறதா என்று சொல்ல, தைராய்டுக்கு எதிராக உடம்பே உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் டிபிஓ ஆன்டிபாடி என்ற ஒரு பரிசோதனை போதும். இங்கிலாந்தில் விக்கம் என்ற இடத்தில் 20 வருடம் ஒரே மக்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். டிஎஸ்எச்சும் உயர்ந்து, ஆன்டிபாடியும் இருந்த பெண்களில் வருடத்துக்கு நூற்றில் சுமார் 4 பேருக்குத்தான் முழுக் குறைவு வந்தது. அதாவது இருந்தாலும் நாளைக்கே கதவு மூடிவிடாது. வருடா வருடம் பார்த்துக்கொண்டு இருக்கலாம்.

அந்த ஒரு துளி உண்மை எங்கே பொருந்தும் என்றால், ஸ்டீராய்டில், அதாவது கார்டிசாலைப் போலவே வேலை செய்யும் மருந்தில். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், உங்களுக்கு இல்லாவிட்டாலும் வீட்டில் யாருக்காவது உதவும். மூச்சிரைப்புக்கோ மூட்டு வலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரை மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டால், ரத்தத்தில்தான் ஏகப்பட்டது இருக்கிறதே என்று பிட்யூட்டரி அட்ரீனலைக் கூப்பிடுவதையே நிறுத்திவிடும். கூப்பிட ஆள் இல்லாத அட்ரீனல் நிஜமாகவே சுருங்கும். அந்த நேரத்தில் ‘வலிதான் போய்விட்டதே’ என்று மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால், வெளியிலிருந்தும் வராது, உள்ளேயும் சுரக்காது. அப்போது ஒரு காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ வந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் அதைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறோம். என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத ‘வலி நிவாரணி’ப் பொடிகளில் ஸ்டீராய்டு இருப்பதும் உண்டு, நிறுத்திய நான்காவது நாள் எழுந்திருக்கவே முடியாமல் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பவுடர் என்றதும் உங்கள் பவுடர் ஞாபகம் வருகிறது. ‘பேலன்ஸ்’ என்ற சொல்லே எனக்குப் பிடிப்பதில்லை. ஹார்மோன்கள் தராசுத் தட்டில் சமமாக நிற்க வேண்டியவை அல்ல, நேரத்துக்குத் தக்கபடி ஏறி இறங்க வேண்டியவை. ஒரு மாதவிடாய்ச் சுழற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலான நாட்களில் பிட்யூட்டரியை அடக்கி வைக்கும். ஆனால் நடுவில் அது இரண்டு நாள் போல உச்சத்திலேயே நின்றால் அதே பிட்யூட்டரியை ஒரேயடியாகக் கிளப்பிவிடும், எல்எச் என்ற பிட்யூட்டரி ஹார்மோன் பொங்கி எழும், ஒன்றரை நாளில் முட்டை வெளியே வரும். இந்த ‘சமநிலை குலைவு’ இல்லாவிட்டால் மனித இனமே இல்லை. உங்கள் பேக்கேஜில் எல்எச், எஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜனில் முக்கியமானது) இரண்டும் ‘நார்மல்’ என்று இருக்கின்றன. சுழற்சியின் எத்தனையாவது நாள் என்று லேபில் யாராவது கேட்டார்களா? ரிப்போர்ட்டில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. அப்படியானால் அந்த ‘நார்மலு’க்கும் அர்த்தமில்லை.

உங்கள் பவுடரில் என்ன இருக்கிறது என்று எனக்கு எழுதவில்லை. கடல்பாசி இருந்தால் அயோடின் அளவு எகிறும். ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும், அளவுக்கு மீறி வந்தால் தைராய்டு தற்காப்புக்காகச் சுரப்பதையே நிறுத்தும், ஹாஷிமோட்டோ உள்ளவர்களுக்கு அது மறுபடி எழுந்து வருவதும் கஷ்டம். ‘தைராய்டுக்கு ஆதரவு’ என்று விற்ற சில பொருட்களை ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்தபோது உள்ளே அசல் தைராய்டு ஹார்மோனே இருந்திருக்கிறது. சாப்பிட்டவர்களுக்கு உற்சாகம் வந்திருக்கும், வராதா பின்னே! என் பதில், வேண்டாம்.

எடையைப் பற்றி ஒரு மனத்தாங்கலான விஷயம் சொல்ல வேண்டும். தைராய்டு நன்றாகவே குறைந்தவர்களுக்குக்கூட அதனால் ஏறும் எடை சில கிலோதான், அதிலும் பெரும்பங்கு உப்பும் நீரும். டி4 1.1 இருக்கும் ஒருவருக்கு 5 கிலோவையும் தைராய்டின் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் ஒரு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிறீர்கள். ஐந்து மணி நேரம். வயிறு சுரக்கும் கிரெலின் பசியைக் கிளப்பும், கொழுப்பு சுரக்கும் லெப்டின் பசியை அடக்கும் (ஆமாம், கொழுப்பும் ஒரு சுரப்பிதான், 1994-ல்தான் அது தெரிந்தது). தூக்கம் குறைந்தால் முதலாவது ஏறி இரண்டாவது இறங்குவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அசதிக்கும் இந்த ஐந்து மணி நேரமே போதுமான காரணம். வேலையை மாற்ற முடியாது என்பீர்கள். நான் மாற்றச் சொல்லவில்லை, ஆனால் இது கேள்வியில் ஒரு ஓரமாக வந்துவிட்டுப் போனதைத்தான் சொல்கிறேன். முடி கொட்டுவதற்கும் அசதிக்கும் சேர்த்து ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, மூன்று மாதச் சர்க்கரை அளவு இவற்றையும் பார்த்துவிடுங்கள். ‘முழு’ பேக்கேஜில் இவை ஒன்றுகூட இல்லை, இதில் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஃபெரிட்டின் குறைவு, அதாவது இரும்புச் சேமிப்புக் குறைவு, உங்கள் வயதுப் பெண்களுக்கு முடி கொட்டும்போது நான் முதலில் தேடுவது.

ஆக இப்படிச் செய்யுங்கள். பயோட்டினை நிறுத்துங்கள், பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பு நிறுத்தினால் போதும் என்பார்கள், உங்கள் அளவுக்கு நான்கைந்து நாள் இருக்கட்டும். முதல் பரிசோதனையிலிருந்து எட்டு வாரம் கழித்து, காலை எட்டு ஒன்பது மணிக்குள், அதே லேபில் டிஎஸ்எச், ஃப்ரீ டி4, டிபிஓ ஆன்டிபாடி மூன்றை மட்டும் எடுங்கள். புரோலாக்டினையும் அன்றே எடுக்கலாம், போன உடனே கையை நீட்டாமல் ஒரு இருபது நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருந்துவிட்டு. கார்டிசால் வேண்டாம். டிஎஸ்எச் 10-ஐத் தாண்டியிருந்தாலோ டி4 0.8-க்குக் கீழே போயிருந்தாலோ மாத்திரை தேவைப்படும், ஒரு மருத்துவரைப் பார்த்து ஆரம்பித்துவிடுங்கள். வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும், காபிக்கு அரை மணி நேரமாவது முன்னால் சாப்பிட வேண்டும். இரும்பு மாத்திரையோ கால்சியமோ எழுதிக்கொடுத்தால் அதற்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி, இல்லாவிட்டால் மாத்திரை குடலிலேயே அவற்றோடு ஒட்டிக்கொண்டு வெளியே போய்விடும். 5-க்கும் 10-க்கும் நடுவில் வந்து நின்றால் ஆன்டிபாடியைப் பார்த்து, உங்கள் அசதி அப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டு முடிவு செய்ய வேண்டியது, அதற்கு எனக்கு மறுபடி எழுதுங்கள். இந்த ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடாமல் புதியதோடு சேர்த்தே அனுப்புங்கள், சுழற்சியின் எத்தனையாவது நாள், ரத்தம் கொடுத்தது எத்தனை மணிக்கு என்று மேலேயே பேனாவால் எழுதி.